ராஜா வேஷத்தில் மண்டியிட்டவர்

டிஸ்கி: எனக்கு மேற்கத்திய இசை தெரியாது. ஸ்வரக் குறிப்பு படிக்கவும் வராது. இது ஒரு ஆளோட கதை, அவ்வளவுதான். இசை தெரிந்தவர்கள் தப்பு இருந்தா தலையில் குட்டலாம் :-)

ஒரு ரிலீஸ் நைட். மணி ரெண்டு. பில்டு ஓடிக்கிட்டிருக்கு, முடியற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. ஹெட்போனை மாட்டிக்கிட்டு யூடியூபை அது போக்குல விட்டிருந்தேன். எங்கெங்கேயோ சுத்திட்டு திடீர்னு ஒரு குரல். பின்னணியில் பழைய இசைத்தட்டின் கரகரப்பு. ஒரு ஆள் பாடுறாரா, பேசுறாரா, அழறாரா என்றே தெரியவில்லை. நடுவில் மூச்சு வாங்குகிறார், கத்துகிறார், கெஞ்சுகிறார். மொழி சுத்தமா புரியலை. ஆனா இந்த ஆள் எதையோ பாத்து பயப்படுறான் என்பது மட்டும் தெளிவா புரிந்தது. அந்த நேரத்துல, காலியான ஆபீஸ்ல, நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன் என்றால் சிரிக்காதீங்க.

1928-ல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் நேரடியாகப் பதிவு செய்த 'போரிஸ் கோதுனோவ்' ஓபரா அது. பாடியவர் ஃபியோதர் ஷாலியாபின்.

பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எங்கப்பா அலமாரியில் மாக்சிம் கார்க்கியின் 'தாய்' உண்டு. கார்க்கியைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு பாடகர் நண்பர் வந்து போவார். அவர்தான் இவர். அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் இவரைப் பத்தியே படிச்சுக்கிட்டிருந்தேன். அதன் விளைவு இந்தப் பதிவு.

1873 பிப்ரவரியில் வோல்கா கரையில் இருக்கும் கசான் நகரத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அப்பா இவான் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. சம்பளம் வந்தா குடி, குடிச்சா அடி. அம்மா வீட்டு வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினார். பையனை செருப்பு தைக்கிறவரிடம் சேர்த்தார்கள், கடைசல் பட்டறையில் சேர்த்தார்கள், எதிலும் நிலைக்கவில்லை. அவனுக்குப் பிடித்த இடம் இரண்டு. ஒன்று தேவாலயத்தின் பாட்டுக்குழு. இன்னொன்று திருவிழாவில் யாஷ்கா என்கிற கோமாளி கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் மேடை. பிற்காலத்தில் உலகமே இவர் நடிப்பைப் பார்த்து வாயைப் பிளந்தபோதும், மேடை ஆசையை முதலில் மூட்டிவிட்டது அந்த யாஷ்காதான் என்று எழுதினார்.

கார்க்கியும் ஷாலியாபினும் ஒரே காலத்தில் கசானில் இருந்தவர்கள், ஆனால் அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே பாட்டுக்குழுவில் சேரப் போனார்களாம். கார்க்கியை எடுத்துக்கொண்டு ஷாலியாபினைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், காரணம் அப்போது இவருக்குக் குரல் உடையும் வயசு. ஷாலியாபின் இதைச் சிரித்துக்கொண்டே பலரிடம் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா என்பது அவருக்கே வெளிச்சம். இன்டர்வியூல ரிஜெக்ட் ஆனவங்க எல்லாரும் இந்தக் கதையை பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சுக்கலாம்.

1890-ல், 17 வயசில், உஃபா நகரத்தில் ஒரு நாடகக் கம்பெனியின் கோரஸில் சேர்ந்தார். ஒரு நாள் பாட வேண்டியவர் வரவில்லை என்று 'ஹால்கா' என்ற ஓபராவில் இவரை இறக்கினார்கள். பாட்டு நன்றாக முடிந்தது. கைத்தட்டலும் கிடைத்தது. கம்பீரமாக நாற்காலியில் உட்காரப் போனார். நாற்காலி அங்கே இல்லை. யாரோ நகர்த்தி விட்டிருந்தார்கள். மனிதர் மேடையில் தொபுக்கடீர். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ராஜாவாக சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர், எந்த நாற்காலியையும் நம்பாமல் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் உட்கார்வாராம்.

அப்புறம் நாடோடி வாழ்க்கை. கம்பெனி கம்பெனியாக அலைந்து, பட்டினி கிடந்து, 1892-ல் காகசஸ் பக்கம் திஃப்லிஸ் வந்து சேர்ந்தார். இன்றைய ஜார்ஜியாவின் தலைநகரம் திபிலிசி. ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அங்கேதான் திமித்ரி உசாத்தவ் என்ற ஆசிரியரைப் பார்த்தார். மாஸ்கோ பொல்ஷோய் அரங்கில் பாடி ஓய்வு பெற்றவர். குரலைக் கேட்டுவிட்டு, காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். சும்மா பாட்டு மட்டும் இல்லை. அழுக்குச் சட்டையோடு வந்த பையனுக்குத் துணி கொடுத்து, வீட்டில் உட்கார வைத்து சாப்பாடு போட்டு, கத்தி முள்கரண்டி பிடிக்கக்கூட சொல்லிக் கொடுத்தார்கள் அவரும் அவர் மனைவியும். இவருடைய முறையான சங்கீதப் படிப்பு மொத்தமே ஒரு வருஷம்தான். நாம நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சு என்னத்தைக் கிழிச்சோம்னு ஒரு நிமிஷம் தோணிச்சு.

இங்கே குரலைப் பற்றி நாலு வார்த்தை. ஓபராவில் ஆண் குரலை மேலிருந்து டெனர், பாரிடோன், பேஸ் என்று பிரிப்பார்கள். காதலன், கதாநாயகன் எல்லாம் பெரும்பாலும் டெனர். பேஸ் அடிக்குரல். அவர்களுக்குக் கிடைப்பது கிழவன், பூசாரி, சாத்தான், ராஜா. ரஷ்யாவில் நிலைமை கொஞ்சம் வேற. அங்கே தேவாலய இசையில் ஆழமான அடிக்குரலுக்கு தனி மரியாதை உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர்களும் பேஸ் குரலுக்குப் பெரிய பெரிய பாத்திரங்களை எழுதினார்கள். ஷாலியாபின் குரல் ரஷ்யாவிலேயே ஆழமான குரல் இல்லை, கொஞ்சம் மேலே சுலபமாகப் போகக்கூடிய வகை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிறம் கொடுக்கத் தெரிந்திருந்தது. அதுதான் ஆளைத் தூக்கி விட்டது.

1895-ல் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி, அதாவது ஜார் மன்னரின் அரசு அரங்கம். கவர்மெண்ட் வேலை! ஆனால் சின்னச் சின்ன வேஷம்தான் கிடைத்தது. 1896-ல் சவ்வா மமோந்தவ் என்ற ரயில்வே முதலாளி கூப்பிட்டார். மமோந்தவ் ஒரு கலைப் பைத்தியம், சொந்தமாக ஓபரா கம்பெனி வைத்திருந்தவர். அரசு வேலையை உதறினால் அபராதம் கட்ட வேண்டும். அதில் தானும் பங்கு போட்டு இவரை மாஸ்கோவுக்கு இழுத்துக்கொண்டார்.

நல்ல டீம் கிடைச்சா மனுஷன் எப்படி வளர்வான் என்பதற்கு அந்த மூன்று வருஷம் உதாரணம். திரைச்சீலையும் செட்டும் கரோவின், வ்ரூபெல் போன்ற ஓவியர்களின் கைவண்ணம். 1897-98 சீசனில் கண்டக்டர் (விசில் ஊதுறவர் இல்லைங்க, வாத்தியக் குழுவை நடத்துகிறவர்) யார் தெரியுமா? செர்கெய் ரக்மானினவ். ரெண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். அப்போது ரெண்டு பேருக்கும் வயசு 24. 1898-ல் ஷாலியாபின் இயோலா தர்னாகி என்ற இத்தாலிய நடனக் கலைஞரை மணந்தபோது மாப்பிள்ளைத் தோழன் ரக்மானினவ்தான்.

அங்கே ஏற்ற பெரிய வேஷங்களில் ஒன்று 'ப்ஸ்கோவ் நங்கை' ஓபராவில் கொடுங்கோலன் ஜார் இவான். ஒத்திகையில் முதல் வரியே வரவில்லை. உள்ளே வரலாமா வேண்டாமா என்று ஜார் வாசலில் நின்று கேட்கும் வரி. இவர் அதை நயவஞ்சகமாக, இனிக்க இனிக்கப் பாடிப் பார்த்தார். மமோந்தவ் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: தந்திரக்காரன் தெரிகிறான், பாசாங்குக்காரன் தெரிகிறான், கொடுங்கோலனைக் காணோமே. அந்த ஒரு கமெண்ட் போதும். வீட்டுக்குப் போய் யோசித்து, ஒரே வரியில் ஊரே நடுங்கும்படி குரலை மாற்றிக்கொண்டு வந்தார். ரெப்பின், வஸ்னெத்சவ் வரைந்த இவான் படங்களைப் போய்ப் போய்ப் பார்த்து முகத்தைத் தயார் செய்தார்.

1898-ல் போரிஸ் கோதுனோவ். புஷ்கினின் நாடகத்தை வைத்து முசோர்க்ஸ்கி எழுதிய ஓபரா. 1598 முதல் 1605 வரை ரஷ்யாவை ஆண்டவர் போரிஸ். அரியணைக்காக திமித்ரி என்ற சின்னப் பையனைக் கொன்றார் என்ற சந்தேகம் அவர் மேல் உண்டு. ஓபராவில் அந்தக் குற்ற உணர்ச்சியே அவரைத் தின்றுவிடும். இதற்காக ஷாலியாபின் க்ளுச்செவ்ஸ்கி என்ற பெரிய வரலாற்றுப் பேராசிரியரைத் தேடிப் போனார். ரெண்டு பேரும் காட்டுப் பாதையில் நடக்க, பேராசிரியர் திடீரென்று நின்று, சூழ்ச்சிக்கார இளவரசர் ஷுய்ஸ்கியாகவே மாறிப் பேசிக் காட்டினாராம். ஐயோ, இவருக்குப் பாட வராதே, வந்தால் இவரையே மேடையேற்றி விடலாமே என்று ஏங்கியதாக ஷாலியாபின் எழுதியிருக்கிறார்.

பலன்? 1908-ல் தியாகிலெவ் ஏற்பாட்டில் பாரிஸில் போரிஸ். ஒரு ஒத்திகையில் உடை இல்லை, ஒப்பனை இல்லை, செட் இல்லை. சாதாரணச் சட்டையில் பாடுகிறார். செத்த குழந்தை மூலையில் நிற்பதாக போரிஸ் நினைத்து அலறும் இடம். பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் பலர் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் எழுந்தே விட்டார்கள். மொழி தெரியாதவர்கள்! ஆபீஸ்ல நான் திரும்பிப் பார்த்ததுக்கு நூறு வருஷத்துக்கு முந்தியே துணை இருக்கு, பாத்தீங்களா.

நடுவில் 1901-ல் மிலான் லா ஸ்காலாவில் பொய்ட்டோவின் 'மெஃபிஸ்டோஃபெலே'. இவர் சாத்தான், கரூசோ ஃபவுஸ்ட், நடத்தியவர் டோஸ்கனினி. அங்கே காசு வாங்கிக்கொண்டு கைத்தட்டும் கும்பல் ஒன்று உண்டு. கொடுக்காவிட்டால் சீழ்க்கை அடித்துக் கவிழ்த்து விடுவார்கள். இவரிடமும் வந்தார்கள். தர மாட்டேன் என்று விரட்டி விட்டார். அன்றைக்குப் பாடி ஜெயித்தார். 1907-ல் நியூயார்க் மட்டும் காலை வாரியது. இவருடைய அரை நிர்வாணச் சாத்தான் அங்கே இருந்த விமர்சகர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடுப்பில் திரும்பியவர், 1921-ல்தான் மறுபடி போய் அதே ஊரைக் கட்டிப்போட்டார்.

இப்போ நான் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயத்துக்கு வரேன்.

1905-ல் ரஷ்யாவில் புரட்சி கொந்தளித்தபோது ஷாலியாபின் 'துபினுஷ்கா' என்ற தொழிலாளர் பாட்டை பொல்ஷோய் மேடையிலேயே பாடினார். அரசாங்க அரங்கத்தில்! கார்க்கியின் நண்பர், ஏழை வீட்டுப் பிள்ளை, மக்கள் பாடகர் என்று இடதுசாரிகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

1911 ஜனவரி 6. மரின்ஸ்கியில் போரிஸ் கோதுனோவ். அரச மாடத்தில் இரண்டாம் நிக்கோலஸ். கோரஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் பற்றி ஒரு குறை ரொம்ப நாளாக இருந்தது. ஜாரிடம் நேராக முறையிட இதுதான் சமயம் என்று அவர்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். ஷாலியாபினின் பெரிய காட்சி முடிந்து திரை மறுபடி உயர்ந்ததும், கோரஸ் முழுவதும் அரச மாடத்தைப் பார்த்து மண்டியிட்டு ராஜ வாழ்த்து பாட ஆரம்பித்தது. ஷாலியாபினுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே போகப் பார்த்தார். அவர் சொன்னபடி, அந்த செட்டில் இருந்ததே ஒரு குறுகலான கதவு, அதையும் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் மண்டியிட்டிருக்க, ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் ஒருவர் மட்டும் ஜார் வேஷத்தில், நிஜ ஜார் முன்னால் நட்டுக்குத்தலாக நிற்கிறார். சில நொடிகள். ஒரு முழங்காலை மடக்கி அவரும் மண்டியிட்டார்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து 'ஜாரின் அடிவருடி'. மார்க்சிய அறிஞர் பிளெகானவ், ஷாலியாபின் தனக்குக் கொடுத்த படத்தைத் திருப்பி அனுப்பினார். பிரான்சில் ரயிலில் போகும்போது ரஷ்ய மாணவர்கள் சூழ்ந்துகொண்டு கேவலமாகத் திட்டினார்கள். கார்க்கியே மனம் கசந்து போனார். பிறகு நேரில் பேசித்தான் சமாதானம் ஆனார்.

எனக்கு வலித்தது ஓவியர் செரோவ் விஷயம்தான். 1905 ஜனவரியில் ஆயுதம் இல்லாத தொழிலாளர்கள் மேல் ஜாரின் படை பாய்ந்ததை கலைக்கழகத்தின் ஜன்னலிலிருந்து கண்ணால் பார்த்தவர், அந்தக் கோபத்தில் கலைக்கழக உறுப்பினர் பதவியைத் தூக்கி எறிந்தவர். அதே வருஷம் ஷாலியாபினை ஆளுயரத்துக்குக் கரித்துண்டால் வரைந்தார். இன்றும் மாஸ்கோ த்ரெத்யகோவ் காட்சியகத்தின் புகழ்பெற்ற படங்களில் ஒன்று அது. அந்த செரோவ், மண்டியிட்ட செய்தி வந்த பத்திரிகைத் துண்டுகளை ஒரு கடுமையான குறிப்போடு இவருக்கு அனுப்பினார். நட்பு முடிந்தது. அதே 1911 முடிவதற்குள் செரோவ் 46 வயசில் மாரடைப்பால் இறந்தார். சமாதானம் ஆக வாய்ப்பே கிடைக்கவில்லை.

யார் பக்கம் நியாயம்? முதலில் படித்தபோது நான் செரோவ் கட்சி. அப்புறம் ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு நாள் எல்லோரையும் பெரிய ஹாலில் கூப்பிட்டார்கள். அன்று காலையில்தான் எங்க டீம்ல ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருத்தன் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவன். மேடையில் இருந்தவர் வளர்ச்சி, எதிர்காலம் என்று என்னவோ பேசி முடித்தார். முன் வரிசை எழுந்து கைத்தட்டியது. அடுத்த வரிசை எழுந்தது. நானும் எழுந்தேன். கைத்தட்டினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யோசிக்கிறதுக்குள்ள உடம்பு எழுந்துடுச்சு. சாயங்காலம் அவனுக்கு போன் பண்ண நம்பரை எடுத்துட்டு, பண்ணாம வச்சுட்டேன். இன்னைக்கு வரைக்கும் பண்ணலை.

அதனால் அந்த சில நொடிகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். செரோவ் கோபமும் நியாயம்தான். ஷாலியாபின் கால் மடங்கியதும் எனக்குப் புரிகிறது. ரெண்டும் சேர்ந்தே மனசுல கிடக்கு.

மீதிக் கதை வேகமாக. 1917-ல் ஜார் போனார். 1918-ல் புதிய அரசு ஷாலியாபினுக்கு 'குடியரசின் மக்கள் கலைஞர்' பட்டம் கொடுத்தது. பட்டம் ஒரு பக்கம், வீட்டுச் சோதனைகள் இன்னொரு பக்கம். பஞ்ச காலத்தில் மாவு மூட்டைக்குப் பாடினார். பெத்ரோகிராத் அரங்கின் உடைகளையும் திரைகளையும் மாஸ்கோவுக்கு எடுத்துப் போகாமல் தடுக்க லெனினையே நேரில் பார்த்துக் கேட்டார். 1922-ல் வெளிநாட்டுக் கச்சேரி என்று கப்பல் ஏறியவர் பிறகு திரும்பவே இல்லை. 1927-ல் பாரிஸில் வறுமையில் இருந்த ரஷ்ய அகதிக் குழந்தைகளுக்காக ஒரு பாதிரியாரிடம் பணம் கொடுத்தார். சோவியத் பத்திரிகைகள் அவரைப் புரட்சிக்கு எதிரி என்றன. மாயகோவ்ஸ்கி அவரைத் தாக்கிக் கவிதையே எழுதினார். பட்டம் பறிக்கப்பட்டது.

பாருங்க, 1911-ல் ஜாரின் அடிமை. 1927-ல் மக்களின் எதிரி. ஆள் ஒரே ஆள்தான். அவருடைய சுயசரிதையை சோவியத் பதிப்பகம் அனுமதியில்லாமல் போட்டதற்காக அவர் வழக்குப் போட, அதை எழுத உதவிய கார்க்கியோடும் உறவு முறிந்தது. செரோவ் கதை மாதிரியே இதுவும். 1936-ல் கார்க்கி இறந்தபோதும் அந்தப் பிளவு முழுசாக ஆறியிருக்கவில்லை.

1933-ல் பாப்ஸ்ட் இயக்கிய 'டான் குவிக்ஸாட்' படத்தில் நடித்தார். அவர் நடிப்பு எப்படி இருக்கும் என்று அதில் இன்றும் பார்க்கலாம். 1936-ல் ஜப்பான் போனபோது பல்வலி. கடிக்க முடியாத மனிதருக்காக டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் சமையல்காரர் இறைச்சியை மெல்லிசாகத் தட்டி, வெங்காயத்தில் ஊறவைத்து, பஞ்சு மாதிரி செய்து கொடுத்தார். 'ஷாலியாபின் ஸ்டேக்' என்ற பெயரில் அது இன்னும் ஜப்பானில் கிடைக்கிறது. ஓபரா பக்கமே போகாதவன் வாயிலும் இவர் பெயர் இருக்கு :-)

1938 ஏப்ரல் 12. ரத்தப் புற்றுநோய். பாரிஸில் இறந்தார். கடைசி நாட்களில் வந்து பார்த்தவர்களில் அந்த மாப்பிள்ளைத் தோழன் ரக்மானினவும் உண்டு. அவரும் நாடு திரும்பாதவர்தான். 1984-ல் ஷாலியாபினின் உடலை எடுத்துப் போய் மாஸ்கோ நோவதெவிச்சி கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பறித்த பட்டத்தை 1991-ல் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: முதலில் அந்த 1928 போரிஸ். அப்புறம் முசோர்க்ஸ்கியின் 'தெள்ளுப்பூச்சிப் பாட்டு'. ஒரு ராஜா தெள்ளுப்பூச்சிக்கு வெல்வெட் அங்கி தைத்துப் போட்டு மந்திரி ஆக்கி விடுவார். அது கடித்தாலும் அரண்மனையில் யாரும் சொறிந்துகொள்ளக் கூடாது. அதைப் பாடிக்கொண்டே ஷாலியாபின் ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு வேற வேற மாதிரி கேட்குது.

இந்தப் பதிவை எழுதி முடிச்சதும் அந்த நண்பன் நம்பரை மறுபடி எடுத்தேன். பத்து வருஷமா அம்பது வருஷமா, ரெண்டு மூணு வருஷம்தானே ஆச்சு. ரிங் போகுது. எடுத்தா என்ன சொல்றதுன்னு இன்னும் தெரியலை.